அக்கா வாங்கிய ஆகாச வெயில்

என் அக்கா விமானப் பணிப்பெண்ணாகத் தேர்வான செய்தி வந்தபோது எங்கள் தோட்டத்தில் யாரும் அதை ஒரு வேலை என்று ஒப்புக்கொள்ளவில்லை. கேமரன் மலையில், கம்போங் ராஜாவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயனில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், நாங்கள் குடியிருந்தோம். அங்கே வேலை என்றால் கொழுந்து பறிப்பது, மருந்து அடிப்பது, பெக்டரியில் இலை வாட்டுவது, லோரி ஓட்டுவது. ஆகாயத்தில் நின்றுகொண்டு காப்பி ஊற்றுவது எப்படி வேலையாகும் என்று எங்கள் கங்காணிக்குக் கடைசி வரை புரியவில்லை. காப்பி கொட்டினால் கீழே யார் தலையில் விழும் என்று மட்டும் ஒருநாள் கேட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அம்மா கொழுந்து பறித்தார். அப்பா தேயிலைப் பெட்டிகளை லோரியில் ஏற்றி, மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு ஓட்டிப்போய் இறக்குவார். எனக்கு இருபது வயது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள், என்னைவிட அரை அடி உயரம், என்னைவிட நல்ல நிறம். இந்த மூன்றையும் லயனில் எல்லோரும் எனக்கு அடிக்கடி நினைவூட்டுவார்கள்.

அக்கா பறக்க ஆரம்பித்த பிறகு, தோட்டத்துக்கு மேலே போகும் எல்லா விமானமும் அம்மாவுக்கு அக்காவின் விமானம்தான். கூடையை முதுகில் மாட்டியபடி அண்ணாந்து பார்த்து, “அந்தா போறா எங்க மூத்தவ” என்பார். உடனே அந்த நிரையில் இருந்த பெண்கள் எல்லோரும் பறிப்பதை நிறுத்திவிட்டுக் கையை ஆட்டுவார்கள். கங்காணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரே நாளில் உங்கள் மகள் ஏழு தடவை போகிறாளா என்று கேட்டார். அம்மா அசரவில்லை. “அவ சின்னதுலருந்தே சுறுசுறுப்பு” என்று சொல்லிவிட்டுக் கொழுந்தைக் கிள்ளினார்.

வம்பு தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா வாசலில் நாற்காலி போட்டு, கடல் கடந்து வரும் சிற்றலைத் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு நடுவில் அறுந்தது. கரகர என்ற சத்தம்கூட இல்லை. ஈரத்துணியைப் போர்த்தியது போல ஒரு அமைதி. அப்பா ரேடியோவின் தலையில் தட்டினார். பேட்டரியை எடுத்து வேட்டியில் துடைத்துத் திரும்பப் போட்டார். பிறகு கொய்யா மரத்தில் கட்டியிருந்த ஏரியல் கம்பியில் அம்மா துணி காயப்போட்டதுதான் காரணம் என்று முடிவுசெய்து, ஈரப் பாவாடைகளை எல்லாம் எடுத்து என் கையில் கொடுத்தார். அரைமணி நேரம் கழித்துப் பாட்டு தானாகவே திரும்பி வந்தது. தன் கண்டுபிடிப்பில் அப்பாவுக்கு ஒரே திருப்தி.

ஆனால் மறுநாள் அதே ஒலிபரப்பில் அறிவிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். சூரியனின் முகத்தில் ஒரு பெரிய வெடிப்பு ஏற்பட்டதால் சிற்றலை ஒலிபரப்பு சற்று நேரம் தடைப்பட்டதாம். பிறகு ஒரு விஞ்ஞானி வந்து விளக்கினார். இப்படிச் சூரியன் சீறும்போது சில சமயம் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் புறப்பட்டு வரும், தரையில் இருப்பவர்களைக் காற்று காப்பாற்றிவிடும், மிக உயரத்தில் விமானத்தில் பறப்பவர்கள் மேல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக விழலாம், அதற்காகப் பயப்படத் தேவையில்லை என்றார். கடைசி வாக்கியம் வரும்போது அம்மா எழுந்து நின்றாகிவிட்டது.

“சூரியன் வெடிச்சுப்போச்சு, பெரியவ அதுக்குப் பக்கத்துல நிக்கிறா” என்றார் அம்மா.

அக்கா அந்த வாரம் லண்டனுக்குப் போயிருந்தாள். உடனே தந்தி அடிக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால், நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் பிரிஞ்சாங் தபால் நிலையத்துக்குப் போனேன். அம்மா சொல்லியனுப்பியதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்: சூரியன் வெடித்தது, உடனே கீழே இறங்கு, அம்மா. அங்கே இருந்த மலாய்க்கார குமாஸ்தா அதை இரண்டு தடவை படித்தார். யாருக்கு என்றார். அக்காவுக்கு என்றேன். அக்கா எங்கே என்றார். ஆகாயத்தில் என்று வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டு, லண்டனில் அவர்கள் தங்கும் ஹோட்டலின் விலாசத்தைக் கொடுத்தேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார். வழக்கம் போல மூடுபனி. சூரியன் இருக்கிறதா வெடித்துவிட்டதா என்று அந்த ஊரில் யாரும் அடித்துச் சொல்ல முடியாது. முத்திரையைக் குத்தி வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. நான் கீழேதான் இருக்கிறேன், இங்கே மழை. அவ்வளவுதான். தந்தியைக் கொடுத்த ஹோட்டல்காரப் பெண் அது ஏதோ சங்கேத மொழி என்று நினைத்து, அக்காவை அன்று முழுவதும் ஒரு மாதிரியாகப் பார்த்தாளாம். இது பின்னால் தெரிந்தது.

பதில் தந்தி அம்மாவைச் சமாதானப்படுத்தவில்லை. கீழே இருப்பவள் வீட்டுக்கு வர மறுபடியும் மேலே ஏறித்தானே ஆக வேண்டும்? அதனால் தோட்டத்து கிளினிக்கில் இருந்த டிரஸரிடம் போனார். காய்ச்சலுக்கு மாத்திரை, வெட்டுக்காயத்துக்குக் கட்டு என்று எங்களுக்கு எல்லாமே அவர்தான். எப்போதோ மூன்று வாரம் டவுன் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்திருந்தார். அந்த மூன்று வாரத்தைப் பற்றிப் பேச யாராவது வர மாட்டார்களா என்று பல வருஷமாகக் காத்திருந்தவர் அவர். அம்மா வாயைத் திறந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். கதிர் என்றால் என்ன, அது சதைக்குள் எப்படிப் போகும், எக்ஸ்ரே எடுப்பவர்கள் ஏன் ஈயத்தில் செய்த கனமான அங்கி போட்டுக்கொள்கிறார்கள் என்று மத்தியானச் சங்கு ஊதும் வரை விளக்கினார்.

அம்மாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். வீட்டுக்கு வந்ததும், “ஈயந்தானே? அது நம்ம வீட்லயே இருக்கு” என்றார்.

இருந்தது. தேயிலை நமத்துப் போகாமல் இருக்கப் பெட்டிக்கு உள்ளே தகடு ஒட்டியிருப்பார்கள். அந்தக் காலத்தில் அது அலுமினியத் தாளாக மாறிவிட்டது. எங்கள் வீட்டில் துணி வைத்திருந்த பெட்டியோ பழைய பெட்டி, அசல் ஈயத் தகடு. அம்மா அதைப் பக்குவமாக உரித்தெடுத்து, இரண்டு மடிப்புக் கம்பளித் துணிக்கு நடுவில் வைத்து, கையில்லாத சட்டையாகத் தைக்க ஆரம்பித்தார். தையல் மெஷினில் மூன்று ஊசி உடைந்தது. நாலாவது ஊசியை மாட்டியபோது அப்பா வீட்டை விட்டு வெளியே போய்விட்டார். டிரஸர் அளவு பார்க்க வந்து, முன்பக்கம் மட்டும் போதும், ஆஸ்பத்திரியில் அப்படித்தான் என்றார். சூரியன் பின்னால் இருந்து அடித்தால் என்ன செய்வது என்று அம்மா கேட்டார். டிரஸர் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்று தலையாட்டினார். முடிந்தபோது அந்தச் சட்டை மேசைமேல் தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. தொட்டால் சரக் சரக்கென்று சத்தம் போட்டது.

இந்தக் கூத்தில் எனக்கும் பங்கு உண்டு. சொல்லப்போனால் பெரிய பங்கு என்னுடையதுதான். அம்மா ஈயத்தால் செய்ததை நான் கணக்கால் செய்யலாம் என்று நினைத்தேன். அக்கா எந்த உயரத்தில் எத்தனை மணி நேரம் பறக்கிறாள் என்று தெரிந்தால், அவள் மேல் எவ்வளவு கதிர் விழுகிறது என்று போட்டுவிடலாமே. அக்காமேல் அக்கறை என்று வெளியே சொன்னேன். உள்ளே வேறொன்றும் இருந்தது. வீட்டில் எப்போதும் அவள் பேச்சாகவே இருந்தது. அவளைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தால் நன்றாக இருக்கும் போலத் தோன்றியது.

தானா ராத்தாவில் ஒரு சின்ன நூலகம் இருந்தது. அங்கே தடிமனான ஒரு விஞ்ஞானப் புத்தகத்தில் வேண்டிய பக்கம் கிடைத்தது. சூரியன் சும்மா இருக்கும் நாளிலும் வானத்திலிருந்து கதிர் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. மேலே போகப் போக அது கூடும். ஏறக்குறைய இத்தனை அடிக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும் என்று போட்டிருந்தது. குறித்துக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

அளவுக்கு ஒரு பெயர் வேண்டும். புத்தகத்தில் இருந்த பெயர்கள் வாயில் நுழையவில்லை. எங்கள் லயனில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் ஒரு நாளில் வானத்திலிருந்து எவ்வளவு வாங்குவாரோ, அது ஒரு லயன்நாள் என்று வைத்துக்கொண்டேன். எங்கள் லயன் ஐயாயிரம் அடி. விமானம் முப்பத்தைந்தாயிரம் அடி. நடுவில் முப்பதாயிரம் அடி. என் குறிப்புப்படி ஆயிரம் அடிக்கு ஒரு இரட்டிப்பு. ஆக முப்பது தடவை இரட்டிக்க வேண்டும்.

அடுத்த நாள் நாலாம் வகுப்புக்குப் பெருக்கல் பாடம். பிள்ளைகளையே போடச் சொன்னேன். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று ஒவ்வொருவராக வந்து கரும்பலகையில் எழுதினார்கள். இருபதாவது இரட்டிப்பில் பத்து லட்சம் தாண்டியது. பிள்ளைகளுக்கு வெறி பிடித்துவிட்டது. கரும்பலகை நிரம்பி, மீதியைச் சுவரில் எழுதினோம். முப்பதாவது இரட்டிப்பில் நூற்றேழு கோடிச் சொச்சம் வந்து நின்றது. இது எதோட கணக்கு டீச்சர் என்று ஒருத்தி கேட்டாள். என் அக்காவோட கணக்கு என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்த எண்ணைத் திரும்பிப் பார்த்தேன். லயனில் இருப்பவரைவிட நூறு கோடி மடங்கு. இந்தக் கணக்குப்படி அக்கா முதல் வாரமே பொரிந்து போயிருக்க வேண்டும். அவள் அனுப்பிய தந்தியை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். பொரிந்தவள் தந்தி அடிக்க முடியாது என்ற ஒரே ஆறுதலோடு பள்ளி முடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொன்னதில் சாயங்காலத்துக்குள் செய்தி பெக்டரி வரைக்கும் போய்விட்டது. நூறு கோடி மடங்கு என்பது யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததை அவரவர் விளங்கிக்கொண்டார்கள். டீச்சரோட அக்கா உடம்பு இருட்டில் மின்னுமாம் என்பதில் வந்து அது நிலைத்தது.

அம்மா அடுப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். அப்பாதான் நான் கணக்குப் போட்ட நோட்டை வாங்கிப் பார்த்தார். ஆறாம் வகுப்பு வரை படித்தவர். ஆனால் மலைப்பாதையில் லோரி ஓட்டியவருக்கு உயரம் என்றால் என்ன என்று தெரியும்.

“தாப்பா எத்தன அடி?” என்று கேட்டார்.

கிட்டத்தட்ட கடல் மட்டம் என்றேன்.

“அப்ப நமக்கும் தாப்பாவுக்கும் அஞ்சாயிரம் அடி. ஒங்கணக்குப்படி அங்கத்த விட இங்க எத்தன மடங்கு?”

ஐந்து தடவை இரட்டித்து, முப்பத்திரண்டு என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் விரலை மடக்கினார். “அப்படின்னா தாப்பாக்காரன் அறுவது வருஷத்துல வாங்குறத நாம ரெண்டே வருஷத்துல வாங்கிடறோம். நம்ம கங்காணி இங்க முப்பது வருஷமா இருக்காரு. இன்னமும் காலங்காத்தால பிரட்டுல ஆள் எண்ணும்போது கத்துறாரே, எப்படி? எங்கயோ இடிக்குது லா.”

எனக்கும் இடித்தது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் தானா ராத்தா போய், அதே புத்தகத்தை எடுத்து, அதே பக்கத்தைத் திறந்தேன். ஆயிரம் அடி இல்லை. ஆறாயிரம் அடி. அவசரத்தில் எழுதியதில் நடுவில் ஒரு ‘றா’ விழுந்துவிட்டது. என் அக்காவைப் பொரித்தது சூரியன் இல்லை, அந்த ஒரு எழுத்து. நூலகத்திலேயே திரும்பக் கணக்குப் போட்டேன். முப்பது இரட்டிப்பு இல்லை, ஐந்துதான். மறுபடியும் முப்பத்திரண்டு மடங்கே வந்தது, ஆனால் இந்தத் தடவை விமானத்துக்கு. லண்டனுக்குப் பதினான்கு மணி நேரம் பறந்தால், லயனில் பத்தொன்பது நாள் சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சமம். நான் அங்கேயே வாய்விட்டுச் சிரித்தேன். நூலகர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

வீட்டில் சொல்லிவிட்டேன். ஆனால் பள்ளியில் சொல்லவில்லை. சுவரில் எழுதிய கணக்கைப் பிள்ளைகளிடம் தப்பு என்று சொல்ல எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. சுண்ணாம்பு வாங்கிவந்து நானே அடித்தேன். அதனால் அடுத்த ஞாயிறு அக்கா விடுமுறையில் வந்து இறங்கியபோது, லயனே அவளுக்காகக் காத்திருந்தது.

அக்கா அழகான நீலச் சட்டையில், கையில் பையோடு, எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். பெண்கள் நாலு பேர் நலம் விசாரித்துக்கொண்டே அவளைப் பதமாக எங்கள் அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருத்தி ஜன்னலைச் சாத்தினாள். இன்னொருத்தி கதவைச் சாத்தினாள். நடு மத்தியானத்தில் அடுப்படி கும்மிருட்டானது. உள்ளே பத்துப் பதினைந்து பேர் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“என்னக்கா பண்றீங்க எல்லாரும்?” என்று அக்காவின் குரல் கேட்டது.

“சும்மா இரு கண்ணு. மின்னுறியான்னு பாக்குறோம்” என்றார் பக்கத்து வீட்டம்மா.

சற்று நேரம் பொறுத்து, காது ஓரமா லேசா தெரியுது என்று ஒருத்தி சொன்னாள். அது தோடு என்று இன்னொருத்தி சொன்னாள். பிறகு கதவைத் திறந்து, ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு டம்ளர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மட்டும்தான் அன்று ஏதோ மின்னியது.

நான் முழுவதையும் ஒப்புக்கொண்டேன். முதலில் முறைத்தவள், ‘றா’ வரை கதை வந்ததும் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் சட்டை விஷயத்தில் அவளால் தப்ப முடியவில்லை. போட்டுக்கொண்டு போகாவிட்டால் தானும் கூடவே விமானத்தில் வந்து சூரியன் பக்கம் நின்றுகொள்வேன் என்றார் அம்மா. அக்கா யூனிபாரத்துக்கு உள்ளே அதை மாட்டிக்கொண்டு, இரும்புக்கடை போலச் சத்தம் எழுப்பியபடி பஸ் ஏறினாள்.

விமான நிலையத்தில் நடந்ததை அவள் கடிதத்தில் எழுதினாள். சோதனைக் கருவி அலறியதாம். கைக்கடிகாரத்தைக் கழற்றினாள், அலறியது. வளையலைக் கழற்றினாள், அலறியது. காவல் பணியில் இருந்த பெண் அவளைத் தனி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். கழற்றியதும் அது மேசைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தது. இது என்ன என்று கேட்டதற்கு, அம்மா தைத்தது என்று உண்மையைச் சொன்னாள். எதற்கு என்றாள் அந்தப் பெண். சூரியனுக்கு என்றாள் அக்கா. அந்தப் பெண் சட்டையைத் தூக்கிப் பார்த்து, தையலைத் தடவிப் பார்த்து, என் அம்மாவும் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம்.

கதை அவளுக்கு முன்னாலேயே விமானத்துக்குள் போய்விட்டது. அன்றைய கேப்டன் வயதானவர், அதிகம் பேசாதவர், நிறையப் படிப்பவர். சட்டையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கி, கையில் நிறுத்துப் பார்த்தாராம். பிறகு என் நோட்டைப் பற்றி அக்கா சொல்ல, ஹோட்டல் தாளில் எனக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினார். எனக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்த முதல் கடிதம் அது.

அத்தனை மெல்லிய தகடு அந்தக் கதிர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று எழுதியிருந்தார். உண்மையில் தடுக்க வேண்டுமென்றால் சட்டை ஒரு சுவர் அளவு தடிமனாக இருக்க வேண்டும், அதைப் போட்டுக்கொண்டால் விமானம் எழும்பாது, அப்போது கதிர்ப் பிரச்சினையும் இருக்காது. நம்மைக் காப்பாற்றுவது தலைக்கு மேல் இருக்கும் காற்றும், பூமியின் காந்தமும். நிலநடுக்கோட்டுப் பக்கம் இருக்கும் நமக்கு அந்தக் காந்தத்தின் காவல் அதிகம், வடக்கே போகப் போகக் குறையும், அதனால் லண்டன் கணக்கில் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள் என்றார். துருவத்தை ஒட்டிப் போகிற விமானங்கள்தான் சூரியன் சீறும்போது யோசிக்க வேண்டியவை, வேண்டுமானால் அவை சற்றுக் கீழே இறங்கிப் பறக்கலாம், உன் அம்மா தந்தியில் சொன்னது ஒரு விதத்தில் சரியான ஆலோசனை என்றும் எழுதியிருந்தார். கடைசியில், லயன்நாள் என்ற அளவு தனக்கு மிகவும் பிடித்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவருடைய விமானத்தில் வேலை செய்பவர்கள், இன்றைக்கு எத்தனை லயன்நாள் கேப்டன் என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்களாம்.

தந்தியைப் பற்றிய வரியை அம்மாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

அந்தக் கடிதத்தால் எனக்குத் தலை வீங்கிவிட்டது. நோட்டில் புதிதாக ஒரு பக்கம் தொடங்கி, வடக்கே போகிற பயணங்களுக்கு ஒரு பத்தி, நம் பக்கத்துப் பயணங்களுக்கு ஒரு பத்தி என்று கோடு போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வருஷத்தில் அக்கா ஏறக்குறைய அறுநூறு மணி நேரம் பறக்கிறாள், அது லயனில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருப்பதற்குச் சமம் என்று போட்டு, பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டத்தான்.

அம்மா அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். “அப்ப நமக்கு ஒரு வருஷம் ஓடுனா அவளுக்கு ரெண்டு வருஷம் ஓடுதா?”

அப்படி இல்லை என்றேன். வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றேன். கேட்கவில்லை. இருபத்து மூன்று வயதில் போனவள் ஐந்து வருஷத்தில் முப்பத்து மூன்று ஆகிவிடுவாள், இப்படியே விட்டால் ஒருநாள் தனக்கே மூத்தவளாகிவிடுவாள், அதற்கு முன்னால் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்று அம்மா கிளம்பிவிட்டார். கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒரு வீட்டில் மாப்பிள்ளை இருக்கிறான் என்று போய்ப் பேசியும் வந்துவிட்டார். பெண்ணுக்கு என்ன வயது என்று அவர்கள் கேட்டதற்கு, எந்தக் கணக்குல என்று அம்மா திருப்பிக் கேட்டதில் பேச்சு அங்கேயே நின்றது. அக்கா எனக்கு எழுதிய கடிதம் ஒரே வரி: இனிமேல் நீ என்னைக் கணக்குப் போட்டால் நான் உன்னைக் கொன்றுவிடுவேன்.

அம்மாவை ஒரு தடவை பறக்க வைத்தால்தான் இது அடங்கும் என்று அக்காவே முடிவு செய்தாள். அடுத்த வருஷம் பள்ளி விடுமுறையில், தன் குடும்பத்துக்குக் கிடைக்கும் சலுகையில் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு அம்மாவுக்கும் எனக்கும் டிக்கெட் எடுத்தாள். அவள் வேலை பார்க்கும் விமானம்தான். அப்பா வரவில்லை. தான் ஓட்டாத வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இந்தப் பயணத்தில் எவ்வளவு விழும் என்று அம்மா கேட்டார். குட்டிப் பயணம், உயரமும் குறைவு, லயனில் நாலு மணி நேரம் இருப்பதற்குக்கூட வராது என்றேன். அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் எச்சரிக்கையாக நிழல் பக்கத்து இருக்கையாகக் கேட்டு வாங்கினார்.

விமானம் ஏறியதும் அக்கா முன்னால் வந்து நின்று, இடுப்புப் பட்டையை எப்படி மாட்டுவது என்று காட்டினாள். அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, எங்க மூத்தவ என்றார். அக்கா கண்டுகொள்ளாமல் வேலையைச் செய்தாள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, “மேடம், என்ன குடிக்கிறீங்க?” என்றாள்.

“யாருடி மேடம்?” என்றார் அம்மா.

அதன் பிறகு அம்மா சூரியனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா குனிந்தாள், நிமிர்ந்தாள், ஒரு குழந்தையின் வாந்தியைத் துடைத்தாள், விரலைச் சொடுக்கிக் கூப்பிட்ட ஒரு ஆளுக்குச் சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தாள். ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. விமானம் லேசாகக் குலுங்கியபோது எல்லோரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் மட்டும் அந்த உயரக் குதிகால் செருப்பில் நின்றபடி தட்டுகளை அடுக்கினாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பட்டையைக் கழற்றிவிட்டு எழுந்து, பக்கத்து இருக்கைக்காரர்களின் காலிக் கோப்பைகளைச் சேகரிக்க ஆரம்பித்தார். ஒரு வெள்ளைக்காரர் குடித்து முடிக்காத கோப்பையையும் பிடுங்கினார். அக்கா ஓடிவந்து, காதோடு காதாக, “அம்மா, உக்காரும்மா, என் வேலை போயிடும்” என்றாள். அம்மா உட்கார்ந்தார்.

இறங்கும்போது வாசலில் கேப்டன் நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கடிதம் எழுதியவர் இல்லை, இளவயதுக்காரர், மலாய்க்காரர். அம்மா அவர் முன்னால் நின்று, தனக்குத் தெரிந்த மலாயில், அக்காவைக் காட்டி, அவளைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள் என்றார். அவர் ஒன்றும் புரியாமல் சல்யூட் வைத்தார்.

அன்று சாயங்காலம் ஊழியர்கள் தங்கும் ஹோட்டல் அறையில் அக்கா செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலிலும் சுண்டுவிரல் ஓரம் தோல் உரிந்து காய்த்திருந்தது. கொழுந்து பறித்த அம்மாவின் விரல்களில் இருந்த காய்ப்புக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அம்மா அந்தக் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, இதை ஏன் ஒருத்தரும் எனக்கு எழுதவில்லை என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கடிதம் எழுதுவது அக்கா, கணக்குப் போடுவது நான். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குத்தான் என்று தோன்றியது. நான் போய் வெந்நீர் பிடித்து வந்தேன்.

மறுநாள் காலையில் அம்மா பினாங்கு பாசாரில் நாலு கடை ஏறி இறங்கி, ரப்பர் சிலிப்பர் ஒரு ஜோடி வாங்கினார். பச்சை நிறம். அக்கா அதன் பிறகு ஏழு வருஷம் பறந்தாள். தானே பார்த்த ஒருவரைத் தன் சொந்த வயதிலேயே கட்டிக்கொண்டாள். பயணிகள் எல்லோரும் தூங்கிய பிறகு, விமானத்தின் பின்பக்கம் திரைச்சீலைக்கு அந்தப்புறம் அந்தப் பச்சைச் சிலிப்பரைப் போட்டுக்கொள்வாளாம். ஒருதடவை கேப்டன் பார்த்துவிட்டு, தனக்கு ஒன்பதாம் நம்பர் ஜோடி கிடைக்குமா என்று மட்டும் கேட்டாராம்.